புகைப்படக் கழகத்தில் பேசுவதும் நடுவராக இருப்பதும்: இலங்கை மலையகத்தில் இந்த வேலையைச் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

“சேர், அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம கழகத்துக்கு வந்து கொஞ்சம் பேசணும். அப்படியே போட்டிக்கு வந்த படங்களுக்கும் மார்க்ஸ் போட்டுக் கொடுத்திட்டீங்கன்னா நல்லது.” ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கேட்கும்போது ஒரே வேலை மாதிரித் தெரியும். உண்மையில் அவை இரண்டு வேலைகள், இரண்டுக்கும் ஆயத்தம் வேறு. பேச்சில் உங்கள் படங்களை அவர்கள் பார்க்கிறார்கள். நடுவராக உட்கார்ந்தால் அவர்கள் படங்களை நீங்கள் பார்க்கிறீர்கள். பேசத் தெரிந்தவர் எல்லோரும் நல்ல நடுவர் இல்லை. நல்ல நடுவர்களில் சிலருக்கு மேடை ஒத்துவராது, அதில் குறை ஒன்றும் இல்லை.

இந்த வேலையில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கழித்து யாரும் தனக்குக் கிடைத்த மார்க்கை நினைவில் வைத்திருப்பதில்லை. தன் படத்தைப் பற்றி நாலு பேர் முன்னால் நடுவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் வரிக்கு வரி வைத்திருப்பார்கள். சிலர் அதைக் கேட்டுவிட்டுக் கமராவைத் தூக்கி அலுமாரியில் வைத்துவிடுவார்கள், சிலர் அடுத்த நாள் விடியற்காலையே மலைக்குப் போய்விடுவார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டு மூன்று வாக்கியங்களைச் சரியாகச் சொல்வதற்கான ஏற்பாடுகள்தான்.

படி 1: போனிலேயே கேட்க வேண்டியவை

ஒத்துக்கொள்வதற்கு முன் செயலாளரிடம் கேளுங்கள்: பேச்சா, நடுவர் வேலையா, இரண்டுமா? எத்தனை படம் வரும்? பிரின்டா, திரையிலா? மார்க் எத்தனைக்கு? கூட வேறு நடுவர்கள் உண்டா? எழுதிவைத்த விதிமுறை இருக்கிறதா? ஒவ்வொரு படத்துக்கும் கருத்துச் சொல்ல வேண்டுமா, வென்ற படங்களுக்கு மட்டுமா?

“ஒரு அறுபது எழுபது வரும் சேர்” என்று பதில் வந்தால் உடனே கணக்குப் போடுங்கள். 60 படத்துக்கும் தலா ஒரு நிமிடம் பேசினாலே ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் ஒருதரம் ஓடவிட்டுப் பார்ப்பது, மார்க் போடுவது, கடைசிச் சுற்று, இடையில் பிளேன் டீ எல்லாம் சேர்ந்தால் இரண்டரை மணி நேரம் ஓடிவிடும். அதற்கு மேல் உங்கள் 45 நிமிடப் பேச்சு. ஆளுக்கு இரண்டு படம் என்று வரம்பு வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் படங்களை ஒரு வாரம் முன்னரே வாங்கி மார்க்கை வீட்டிலேயே போட்டுவிட்டு, மண்டபத்தில் கருத்து மட்டும் சொல்லலாம். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். அவசரம் இல்லை, ஒரு படத்துக்கு இரண்டாம் தரம் திரும்பி வரலாம்.

நேரம் வைப்பதிலும் தலையிடுங்கள். பகல் 2 மணிக்குத் தொடங்கும் கூட்டத்தில் முடிவு அறிவிக்கும்போது பாதிப் பேர் எழும்பிப் போயிருப்பார்கள். சலிப்பினால் அல்ல, தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கத்தான். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் எல்லோருக்கும் நல்லது.

அப்புறம், யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். நம் பக்கத்துக் கழகங்களில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவர், ஆசிரியர், போனில் மட்டும் படமெடுக்கும் ஏ.எல். (உயர்தர) மாணவி, பறவைக்காக லட்சக்கணக்கில் லென்ஸ் வாங்கியவர் எல்லோரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். கண்டி, நுவரெலியா போன்ற இடங்களில் சிங்களம் பேசும் உறுப்பினர்களும் இருப்பார்கள். அப்படியானால் உறுப்பினர் ஒருவரை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்யச் சொல்லி, உங்கள் பேச்சைப் பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு தரம் சொல்லப்படும் என்பதை மறந்து ஆயத்தமானால் நேரம் கையை விட்டுப் போய்விடும்.

பயணச் செலவை வெட்கப்படாமல் பேசிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவினால் வீதி மூடப்பட்டால் எந்த நாளுக்கு மாற்றுவது என்பதையும் அப்போதே முடிவுசெய்யுங்கள்.

படி 2: தலைப்பைப் பருவத்தோடு பொருத்துவது

போட்டிக்குத் தலைப்பு என்ன வைக்கலாம் என்று கழகம் உங்களிடமே கேட்கும். இங்கே இரண்டு மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தை நனைக்கும். அதே ஆடி மாதத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். வடகீழ்ப் பருவமழையில் கதை தலைகீழ். ஆக, மஸ்கெலியாக் கழகம் ஜூன் மாதத்தில் ‘சூரிய உதயம்’ என்று தலைப்பு வைத்தால் வருவதெல்லாம் பழைய படங்களாகத்தான் இருக்கும். ‘மழை’ என்று வையுங்கள், ஆளுக்கு நாலு படம் வரும்.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் முழுமதியிலிருந்து வெசாக் வரை. ‘இரவு வெளிச்சம்’ போன்ற தலைப்புக்கு அது நல்ல காலம். மாசியில் காமன் கூத்து, அதைத் தொடர்ந்து தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாக்கள். ‘முகங்கள்’, ‘அசைவு’ எல்லாம் அப்போது வைக்கலாம். ‘இயற்கை அழகு’, ‘வாழ்க்கை’ மாதிரித் தலைப்புகளைத் தவிருங்கள். எதையும் அதற்குள் திணிக்கலாம் என்பதால் நடுவருக்கு ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

படி 3: பேச்சை ஆயத்தம் செய்வது

45 நிமிடத்துக்கு 40 படம் போதும். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்: மூடுபனியில் எக்ஸ்போஷர் (எவ்வளவு வெளிச்சம் விடுவது என்ற அளவு), அல்லது வேலை செய்யும் கைகள், அல்லது போனில் உருவப்படம். ‘புகைப்படக் கலை ஓர் அறிமுகம்’ என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அது யூடியூபில் நிறைய இருக்கிறது.

நல்ல படங்களை மட்டும் வரிசையாகக் காட்டினால் கைதட்டுவார்கள், ஆனால் ஒன்றும் கற்க மாட்டார்கள். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்ததையும் காட்டுங்கள். கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த தேயிலையை நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் படம் தூரத்திலிருந்து: கூரை, ஆட்கள், சாக்குகள், எல்லாம் இருக்கிறது, எதுவும் இல்லை. இரண்டாவது கிட்டப் போய் எடுத்தது: தராசில் தொங்கும் சாக்கும் கணக்கப்பிள்ளையின் கொப்பியும். மூன்றாவதில் கமரா பக்கவாட்டுக்குப் போகிறது. சாக்கு ஓரத்தில் மங்கலாக நிற்க, தராசையே பார்த்துக்கொண்டிருக்கும், கொழுந்து பறித்த அம்மாவின் முகம் நடுவில். உதடு கணக்குப் போடுகிறது. நான்காவதில் அவர் நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டார், படம் போய்விட்டது. இந்த நாலையும் அடுத்தடுத்து வைத்து, “எது ஏன்?” என்று கேளுங்கள். சபை பேசத் தொடங்கும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும், தாயோடு மடுவத்துக்குப் போய் வளர்ந்த ஒருவர், தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிப்பதைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் விளங்கும்.

நுட்ப விஷயத்தையும் இப்படியே செய்யலாம். கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் நானுஓயா மூடுபனி, படத்தில் அழுக்குத் துணி நிறமாகிவிடுகிறது. அளவை அப்படியே விட்டு எடுத்த படத்தையும், ஒரு ஸ்டொப் கூட்டி (வெளிச்சத்தை இரட்டிப்பாக்கி) எடுத்ததையும் பக்கத்தில் வையுங்கள். சூத்திரம் எழுதிக் காட்டத் தேவையில்லை.

நம் ஊரில் எப்போதும் எடுபடும் ஒரு சிறு தலைப்பு லென்ஸ் பூஞ்சணம். மலைநாட்டு ஈரத்தில் பையிலேயே கிடக்கும் லென்ஸுக்குள் நூல் நூலாகப் படரும் அந்தச் சனியனைக் காணாத கமராக்காரர் இங்கே இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், அவ்வப்போது வெயில் படும் இடத்தில் வைத்துப் பாவிப்பது: பத்து நிமிடத்தில் சொல்லி முடியும். கேள்வி மட்டும் அரை மணி நேரம் வரும்.

வரலாறு சொல்ல விரும்பினால் தூரம் போக வேண்டாம். ஜூலியா மார்கரட் கமரன் என்ற உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர் 1875-இல் இலங்கைக்கு வந்து 1879-இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் சென். மேரிஸ் தேவாலய வளவில்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள். கமராவைக் கையில் எடுத்தபோதே அவருக்கு வயது 48. ‘ஃபோக்கஸ் சரியில்லை’ என்று அந்தக் காலத்துப் புகைப்பட விமர்சகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டியவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. நடுவர் நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒருதரம் போய் வருவது நல்லது என்பேன். இன்னொன்றையும் சபையில் கேட்கலாம்: அவர் இங்கே எடுத்த உள்ளூர்த் தொழிலாளர்களின் படங்கள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, ஆனால் அதில் இருப்பவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. நாம் இன்று எடுக்கும் படங்களில் எழுதுகிறோமா?

படி 4: மண்டபமும் மல்டிமீடியாவும்

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். பாடசாலை மண்டபமாக இருந்தால் மேல் ஜன்னலுக்குத் திரை இருக்காது. கறுப்புத் துணி அல்லது தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லிவையுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் உங்கள் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது, அதனால் ஒலிவாங்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

மல்டிமீடியா புரொஜெக்டரைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விடுங்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகக் கருமையாகும் ஒரு பட்டையைத் திரையில் போட்டுப் பாருங்கள். வெளிர் பக்கத்துக் கடைசி இரண்டு படிகளும் ஒன்றாகத் தெரிந்தால் மூடுபனிப் படங்கள் அத்தனையும் வெறும் வெள்ளைத் தாளாகத்தான் தெரியும். புரொஜெக்டரின் வெளிச்சத்தை, கொன்ட்ராஸ்டைக் குறைத்துச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் மடிக்கணினித் திரையைப் பார்த்து மார்க் போடுங்கள். புரொஜெக்டரின் குறைக்கு உறுப்பினர் தண்டனை அனுபவிக்கக் கூடாது.

படங்கள் எஸ்ஆர்ஜிபி நிற முறையில், ஜேபெக் கோப்பாக வரட்டும். பழைய பாடசாலைப் புரொஜெக்டர்களில் பல 1024 x 768 புள்ளிதான். அதில் கிடைப்படம் திரையின் அகலத்தை நிரப்பும். நெடும்படம் 512 x 768-க்குச் சுருங்கி, கிடைப்படத்தின் பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலாகத்தான் தெரியும். நெடும்படங்கள் கழகப் போட்டிகளில் அடிக்கடி தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தெரிந்து வைத்திருந்தால் கண்ணை ஏமாறாமல் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் படங்களைப் பென் ட்ரைவ் ஒன்றிலும் போனிலும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள், எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டுக்கும் இணைப்பி எடுத்துப் போங்கள். கரண்ட் போனால்? கையில் பத்துப் பிரின்ட் இருந்தால் ஜன்னலோரம் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசலாம்.

பிரின்ட் போட்டி என்றால் எல்லாப் படத்தையும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றை ஜன்னலோரத்திலும் அடுத்ததை மஞ்சள் பல்ப்புக்குக் கீழும் பார்த்தால் நிறத்தைப் பற்றிப் பேசும் தகுதி போய்விடும்.

படி 5: விதிமுறையை வாசிப்பது

சண்டை வருவதெல்லாம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கறுப்பு வெள்ளைப் பிரிவில் முழுப் படமும் ஒரே நிறச் சாயலில், உதாரணமாகப் பழுப்புச் சாயலான செப்பியாவில், இருந்தால் ஏற்கலாம். எல்லாம் கறுப்பு வெள்ளை, கொழுந்து மட்டும் பச்சை என்றால் அது வர்ணப் படம். சர்வதேச விதி அதுதான்.

இயற்கைப் பிரிவு இன்னும் சிக்கல். சர்வதேச புகைப்படக் கலைச் சம்மேளனமான ஃபியாப், அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, பிரித்தானிய ரோயல் புகைப்படச் சங்கம் மூன்றும் 2015 முதல் ஒரே வரைவிலக்கணத்தைப் பின்பற்றுகின்றன. அதன்படி படத்தில் எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ அழிக்கவோ கூடாது. ஓரத்தை வெட்டலாம். பயிரிட்ட செடி, கலப்பினப் பூ, வளர்ப்பு மிருகம் எதுவும் செல்லாது. இப்போது யோசித்துப் பாருங்கள்: நம் ஊர் முழுக்கப் பச்சையாக இருப்பது என்ன? தேயிலை. அது பயிர். லிப்டன் சீட் மலைமுனையிலிருந்து எடுத்த தேயிலை மலை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வரைவிலக்கணப்படி இயற்கைப் பிரிவில் நிற்காது, நிலக்காட்சிப் பிரிவில் நிற்கும். ஹக்கலப் பூங்காவின் ரோஜாவுக்கும் அதே கதிதான். ஹோர்ட்டன் சமவெளி மரை நிற்கும், பக்கத்தில் கம்பி வேலி தெரியாவிட்டால். குளிர்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் ஆறுமணிக் குருவியும் காட்டுப் பறவைகள்தான். ஆனால் கொங்கிரீட் வாய்க்கால் விளிம்பில் நிற்கும்போது எடுத்தால் வாதம் வரும். மனிதன் மாற்றிய சூழலுக்குப் பழகிவிட்ட உயிரினத்தின் கதைக்கு அது அவசியம் என்றால் விதி இடம் கொடுக்கிறது. பின்னணியில் சும்மா கிடக்கும் கொங்கிரீட்டுக்கு இடமில்லை.

உங்கள் கழகம் இந்த விதியைத்தான் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. உள்ளூர்ப் போட்டிக்கு ‘தோட்டமும் இயற்கையும்’ என்று தனிப் பிரிவு வைத்தால் இன்னும் நல்லது. எது விதி என்பதைப் படம் அனுப்பும் முன்னரே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எடிட்டிங் பற்றி ஒரு வரி, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம் பற்றி ஒரு வரி விதியில் இருக்கட்டும். திறந்த பிரிவில் இரண்டு படத்தை ஒட்டுவது குற்றமல்ல. 1944-இல் மறைந்த நம் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் இருட்டறையிலேயே படங்களை இணைத்தும், கழுவும்போது ஒளியூட்டிக் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கியும் விளையாடியவர். ஆனால் கமராவே இல்லாமல் கணினி செய்த படம் வேறு விஷயம். சந்தேகம் வந்தால் மூலக் கோப்பைக் கேட்கும் உரிமை கழகத்துக்கு உண்டு என்று முன்னரே எழுதிவைத்துவிட்டால், கேட்கும்போது யார் முகமும் சுருங்காது. படத்தின் உரிமை எடுத்தவருடையது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் காக்கிறது. ‘போட்டிக்கு வரும் படங்கள் கழகத்துக்கே சொந்தம்’ என்று விதியில் கண்டால் அதை எடுக்கச் சொல்லுங்கள். கண்காட்சியிலும் கழகப் பக்கத்திலும் எடுத்தவர் பெயரோடு பாவிக்க அனுமதி கேட்டால் போதும்.

படி 6: மார்க் போடுவது

முதலில் எல்லாப் படத்தையும் ஐந்தைந்து செக்கன், ஒரு வார்த்தை பேசாமல் ஓடவிடுங்கள். இந்தச் சுற்று இல்லாமல் தொடங்கினால் முதல் பத்துப் படத்துக்குக் கஞ்சத்தனமாகவும் கடைசிப் பத்துக்குத் தாராளமாகவும் மார்க் விழும். எத்தகைய படங்கள் வந்திருக்கின்றன என்று கண் அறிந்துகொள்ளட்டும்.

பெயர் தெரியாமல்தான் பார்க்க வேண்டும். கோப்புக்கு இலக்கம் மட்டும் இருக்கட்டும். ஆனாலும் நம் ஊர் சின்ன ஊர். வட்ஸ்அப்பில் போன மாதமே பார்த்து லைக் போட்ட படம் வரும், பழைய மாணவன் எடுத்தது என்று பார்த்தவுடன் தெரியும். மூன்று நடுவர்கள் இருந்தால் “இதை எனக்குத் தெரியும்” என்று சொல்லி அந்தப் படத்துக்கு விலகிவிடுங்கள், மற்ற இருவரின் சராசரியை எடுக்கட்டும். மூவரும் தங்களுக்குள் பேசாமல், காட்டாமல் எழுத வேண்டும். ஒருவர் பெரிய பெயர் என்றால் மற்ற இருவரின் பென்சிலும் அவர் பக்கம் சாயும்.

மார்க் 20-க்கு என்றால் முழு அளவையும் பாவியுங்கள். எல்லோருக்கும் 14-க்கும் 16-க்கும் இடையில் போடுவது இரக்கம் மாதிரித் தெரியும். உண்மையில் முடிவெடுக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான் அது. 17-க்கு மேல் போகக்கூடிய படங்களை மார்க் போடாமல் தனியே ஒதுக்கி, கடைசியில் அவற்றை மட்டும் திரும்பப் பாருங்கள். இரண்டு படம் சமமாக வந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதைச் சுவரில் மாட்டி ஒரு மாதம் பார்க்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் முடிவு வந்துவிடும்.

நுட்பத்துக்கு இத்தனை, அமைப்புக்கு இத்தனை, கருத்துக்கு இத்தனை என்று பிரித்துக் கூட்டும் படிவங்களை நான் விரும்புவதில்லை. எல்லாவற்றிலும் நடுத்தரமான படம் கூட்டலில் வென்றுவிடும், ஒன்றில் பொங்கி ஒன்றில் சறுக்கிய படம் தோற்றுவிடும். புதிய நடுவருக்கு முதல் இரண்டு போட்டியில் அது ஊன்றுகோல். அப்புறம் விட்டுவிடலாம்.

வெளியூரிலிருந்து வரும் நடுவர்கள் நம் படங்களில் இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். ஒன்று மூடுபனி. ‘கறுப்பே இல்லை, கொன்ட்ராஸ்ட் போதாது’ என்பார்கள். மூடுபனியில் சுத்தக் கறுப்பு இருக்காது. கறுப்பை இழுத்துப் போட்டால் மூடுபனி கெட்டுப்போகும். மங்கலுக்குள் படிகள் தெரிகின்றனவா, கிட்ட உள்ள மரத்துக்கும் தூரத்து மரத்துக்கும் வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றது கொழுந்து பறிக்கும் பெண். கூடையோடு கமராவைப் பார்த்துச் சிரிக்கும் படத்துக்கு வெளியூர் நடுவர் கையைத் திறந்து மார்க் கொடுப்பார், சபையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஏனென்றால் கூடை காலி. இடுப்பில் நனையாமல் கட்டும் படங்கு இல்லை, சேலையில் ஈரம் இல்லை, கூடைக் கயிறு தலைத் துணியில் அழுந்தவே இல்லை. சுற்றுலாக்காரருக்காகக் காசு வாங்கி நின்ற படம் அது. நிற்பது அவர் உரிமை, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘உழைப்பு’ என்ற தலைப்பில் அது வந்தால் நடுவர் இதைக் காண வேண்டும். இரண்டு கையும் கொழுந்தில் ஓட, நிறைந்த கூடையின் பாரத்தில் கழுத்து முன்னுக்கு வந்திருக்கும் படம் நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மேலே போகட்டும்.

படி 7: கருத்துச் சொல்வது

இதுதான் முக்கியமான இடம். ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் படத்தில் என்ன இருக்கிறது, பிறகு கண் எங்கே போகிறது, பிறகு எது அதைத் தடுக்கிறது, கடைசியில் அடுத்த தரம் என்ன செய்யலாம். நாலும் சேர்த்து ஒரு நிமிடம்.

உதாரணத்துக்கு ஒரு படம். லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) வாசலில் ஒரு தாத்தா, முன்னால் அடுப்புப் புகை, பின்னால் கொடியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. “நல்ல படம், ஆனால் பின்னணி கொஞ்சம் இடைஞ்சல்” என்று ஒரு நடுவர் சொல்லலாம். எடுத்தவருக்கு அதில் ஒன்றுமில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “தாத்தா புகைக்குப் பின்னால் இருக்கிறார், முகத்தில் பாதி வெளிச்சம். ஆனால் என் கண் முதலில் அந்த வெள்ளைச் சட்டைக்குத்தான் போகிறது, படத்தில் மிக வெளிச்சமான இடம் அதுதான். பேரனின் சட்டையாக இருந்தால் அதுவும் இந்தக் கதையில் ஓர் ஆள். அப்படியானால் அதை இன்னும் முழுதாகக் காட்டலாம். தேவையில்லை என்றால் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் தாத்தாவின் தலைக்குப் பின்னால் மறைந்துவிடும்.” எடுத்தவர் அடுத்த தரம் அந்த வாசலுக்குப் போகும்போது செய்ய ஒரு வேலை இருக்கிறது. சட்டையை வைப்பதா எடுப்பதா என்ற முடிவும் அவரிடமே இருக்கிறது.

சில வாக்கியங்களை வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள். “நானாக இருந்தால் இப்படி எடுத்திருக்க மாட்டேன்.” நீங்கள் அங்கே இல்லை. “மூன்றில் ஒரு பங்கு விதியை மீறியிருக்கிறார்.” அது விதி இல்லை, படத்தை மூன்றாகப் பிரித்து அந்தக் கோட்டில் பொருளை வைக்கும் பழக்கம். “என்ன கமரா என்று தெரியவில்லை, போன் மாதிரி இருக்கிறது.” அந்த ஏ.எல். மாணவியின் முகத்தைப் பாருங்கள், ஏன் சொல்லக் கூடாது என்று விளங்கும். “எல்ல ஒன்பது வளைவுப் பாலமா, இது பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது” என்பதும் அப்படித்தான். 1921-இல் கட்டி முடித்த பாலம் அது, எத்தனையோ பேர் எடுத்தாயிற்று, உண்மை. ஆனால் எடுத்தவருக்கு அது முதல் தரமாக இருக்கலாம். சலிப்பை மார்க்கில் காட்டுங்கள், வாயில் வேண்டாம். வாயில் சொல்வதானால், “ரயிலுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தை நீங்கள் எடுத்திருக்கலாமே” என்று ஒரு வழி காட்டுங்கள்.

பொய்ப் புகழும் வேண்டாம். எல்லாமே ‘அருமை’ என்றால் உண்மையிலேயே அருமையான படத்துக்குச் சொல்ல வார்த்தை இருக்காது. பலவீனமான படத்தில் நல்லதாக ஒரே ஒரு விஷயம் இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள், மீதிக்கு ஒரு திருத்தம் போதும். ஒரே படத்தில் ஐந்து குறை சொன்னால் ஐந்தும் மறந்துபோகும், அவமானம் மட்டும் தங்கும்.

வயதில் மூத்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் எழும்பி, “தம்பி, ஃபிலிம் காலத்திலிருந்து எடுக்கிறேன், இந்தப் படத்துக்கு என்ன குறை?” என்று கேட்பார். கேட்கட்டும். “அண்ணே, வெளிச்சம் உங்க கைக்குள்ள இருக்கு, அதுல எனக்குப் பேச்சே இல்ல. மாப்பிள்ளையின் கை ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கு, அதுதான் என்னை இழுக்குது” என்று படத்தையே காட்டிப் பதில் சொல்லுங்கள். மார்க்கை மட்டும் மாற்றாதீர்கள். ஒருவருக்கு மாற்றினால் அடுத்த கூட்டத்தில் பத்துப் பேர் எழும்புவார்கள்.

மக்களை எடுத்த படங்களில் இன்னும் ஒன்று பேச வேண்டும்: எப்படி எடுத்தார்கள் என்பது. லயத்து அறைக்குள் எடுத்தது, சாமி வந்து ஆடுபவரின் முகம், பள்ளிப் பிள்ளைகள் குளிப்பது, இப்படியான படங்களுக்கு “அவர்களுக்குத் தெரியுமா? படத்தைக் காட்டினீர்களா?” என்று சபையில் கேட்கலாம். குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல. பிள்ளைகளின் படம் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் கண்காட்சிக்குப் போகக் கூடாது என்று கழகத்திடம் கறாராகச் சொல்லுங்கள். படத்தில் உள்ளவரின் பெயரைக் குறிப்பில் எழுதி அனுப்புபவருக்கு மார்க் கூட்ட வேண்டியதில்லை, ஆனால் சபையில் அந்தப் பெயரைச் சத்தமாக வாசியுங்கள்.

படி 8: கூட்டம் முடிந்த பிறகு

மார்க் தாளைச் செயலாளரிடம் கொடுத்து, ஒரு பிரதியைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றுக்கும் ஏன் என்று இரண்டிரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அடுத்த நாள் வட்ஸ்அப் குழுவில் வரும் சண்டை பாதியாகக் குறையும். மீதிப் பாதிக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். கேள்வி இருப்பவர் நேரில் வரட்டும் என்று செயலாளர் சொல்லிவிடுவார்.

அத்தனை பேருக்கு நடுவில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் தேநீர் நேரத்தில்தான் போனை நீட்டி, “அண்ணா, இதை ஒருக்காப் பாருங்க, போட்டிக்கு அனுப்பல” என்பார்கள். அதற்கு ஒரு இருபது நிமிடம் ஒதுக்கி வையுங்கள். பஸ்ஸுக்கு ஓட வேண்டிய நாளில் அழைப்பை ஏற்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் உறுப்பினர்களின் படங்களை மடிக்கணினியிலிருந்தும் பென் ட்ரைவிலிருந்தும் அழித்துவிடுங்கள். ஒரு படம் உங்களுக்கு மிகவும் பிடித்து, அடுத்த பேச்சில் காட்ட வேண்டும் போல இருந்தால், எடுத்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.